உடம்பு இன்னும் ஊர் வரவில்லை

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரலின் பாதியும் வேறு யாருடைய விரலோ போல மரத்துக் கிடந்தன. பொத்தானைப் பிடித்தால் நழுவியது. பிடித்தேனா இல்லையா என்பதே தெரியவில்லை. பத்து வயது அண்ணன் மகள் வந்து ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டுப் போனாள்.

சாலவாக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போய்த் திரும்பியிருந்தோம். ஏழு பேர். போக 9 நாள், வர 9 நாள். மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் மாதக்கணக்கில் சிகிச்சைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவம் இலவசமாகக் கிடைத்தாலும் வழிச்செலவு இலவசமில்லை. பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், வெளியில் சாப்பிட வேண்டும், துணைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போய்விடும். அந்தச் செலவுக்கு ஒரு சிறு நிதி சேர்க்கத்தான் இந்தப் பயணம்.

நோயாளிக்காக ஊர் கூடிச் செலவிடுவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே 15 கட்டில்களோடு ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை ஒன்று நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, எந்தெந்த மருந்து இருப்பில் வைக்க வேண்டும் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். புறப்படும் முன் ஒரு நாள் நாங்கள் ஏழு பேரும் அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றுவிட்டு வந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் அரிசி மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்: 68 கிலோ. திரும்பிய மறுநாள் அதே தராசில் 66½. அவ்வளவு மிதித்ததற்கு இது நியாயம்தான் என்று தோன்றியது. ஐந்தாம் நாள் மறுபடி ஏறினேன். 69! கணுக்கால் வேறு லேசாக வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

“ஏம்பா, சைக்கிள் ஓட்னா எளைச்சிப் போவாங்கன்னு பாத்தா, நீ ஊதிக்கினு இருக்கறியே?” என்றார் அத்தை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடியதில் தெரிந்தது இது: பயணம் போனவன் ஒரே நாளில் வீடு வந்துவிடுகிறான், அவன் உடம்பு அப்படி வருவதில்லை. தசையில் இருக்கும் சர்க்கரை, இரத்தத்தில் இருக்கும் நீர், பசி, நரம்பு எல்லாம் தனித்தனி பஸ் பிடித்து, தனித்தனி நாளில் வந்து இறங்குகின்றன.

முதலில் வந்து இறங்குவது சர்க்கரை. நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குடலில் சர்க்கரையாக உடைந்து இரத்தத்தில் கலக்கின்றன. உடனடித் தேவை போக மிச்சத்தை உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகளைக் கிளைகிளையாகக் கோத்து வைத்த இந்தச் சேமிப்பின் பெயர் கிளைக்கோஜன். இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றாலும், அதன் வடிவத்தை அறிந்த பிறகு தமிழ்க் காதுக்கு அது நம் சொல்லாகவே கேட்கிறது. இருப்புச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் இருக்கும். உடம்பின் கொழுப்பு குதிரில் கொட்டிவைத்த நெல் என்றால், இருப்புச் சர்க்கரை அடுக்களையில் இருக்கும் அரிசிப் பானை. நெல் நிறைய இருக்கும், ஆனால் எடுத்துக் குத்தி உலையில் போட நேரமாகும். மேட்டில் சைக்கிளை ஏற்றும்போது உடம்பு கையை விடுவது பானைக்குள்தான்.

பானை காலியானால் உடம்பு என்ன செய்யும்? 1966இல் சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நிலைச் சைக்கிளுக்கு இருபுறமும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவருடைய வலது கால் ஒரு பெடலில், மற்றவருடைய இடது கால் மறு பெடலில். ஆளுக்கு ஒரு கால் வேலை செய்தது, மறு கால் சும்மா இருந்தது. இனி முடியாது என்ற நிலை வரும்வரை மிதித்தார்கள். பிறகு தடித்த ஊசி ஒன்றால் இரண்டு தொடையிலிருந்தும் துளித் துளி தசையை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் இருப்புச் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்திருந்தது. மிதிக்காத காலில் குறையவே இல்லை.

அடுத்த மூன்று நாள் மாவுச்சத்தாகச் சாப்பிட்டார்கள். மீண்டும் ஊசி. சும்மா இருந்த கால் பழையபடியே இருந்தது. வேலை செய்த காலில் மட்டும் இருப்பு ஏறிக்கொண்டே போய், மற்றக் காலைப் போல இரண்டு மடங்கானது! ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம். ஆனாலும் ஒரு கால் இப்படி, இன்னொன்று அப்படி. அதனால் ‘நிரப்பு’ என்ற உத்தரவு மூளையிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ வரவில்லை, காலியான தசைக்குள்ளேயே பிறக்கிறது என்று தெரிந்தது. உடலியலில் நான் படித்த சோதனைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இவ்வளவு எளிதான அமைப்பில் இவ்வளவு தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம்.

காலியான பானையை உடம்பு பழைய அளவுக்கு நிரப்பி நிறுத்திக்கொள்வதில்லை, விளிம்புக்கு மேல் குவிக்கிறது. அந்தப் பானை அரிசி உலர்ந்த அரிசியும் இல்லை, ஊறவைத்த அரிசி. ஒவ்வொரு கிராம் இருப்புச் சர்க்கரையும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அரைக் கிலோ சர்க்கரை என்றால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் கூட வரும், தராசில் இரண்டு கிலோ ஏறும். நான் மதுராந்தகம் தாண்டி வந்துசேர்ந்த அன்று பானை காலி. அடுத்த நான்கு நாள் வீட்டில் மூன்று வேளையும் சோறு, இட்லி, பொங்கல். அத்தையின் கைப்பக்குவம்தான் என் தொடைக்குள் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. அத்தைக்கு அதைச் சொன்னபோது முகத்தில் பெருமை.

கணுக்கால் வீக்கம் வேறு கதை, சின்னக் கதை. வெயிலில் நாள்தோறும் வியர்க்கும் உடம்பு உப்பைச் சிக்கனம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையில் உப்பு குறைகிறது, சிறுநீரகமும் உப்பை விடாமல் பிடித்து வைக்கிறது. வீடு வந்து நிழலில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிக்கனம் சில நாள் ஓயாது. இந்தப் பக்கம் ஊறுகாயும் அப்பளமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். எங்கள் ஏழு பேருக்கும் வாரக் கடைசியில் அது தானாக வடிந்தது. வடியாமல் இருந்தாலோ ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, கொழுப்பு எவ்வளவு கரைந்தது? அதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று தெரிய வேண்டும். இங்கே ஒரு கடினமான கேள்வி வருகிறது: நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும் மனிதனின் உடம்பு எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்று எப்படி அளப்பது? ஆய்வகத்தில் முகமூடி மாட்டி மூச்சை அளக்கலாம். திருமங்கலத்திலிருந்து விருதுநகர் வரை முகமூடியோடு மிதிக்கச் சொல்ல முடியாது.

இதற்கு வந்த வழி ஏரி மதகைப் போன்றது. ஓர் ஏரியில் இரண்டு மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மதகில் எல்லாம் போகும். இரண்டாம் மதகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது; அதில் எவ்வளவு போகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். ஏரியில் இரண்டு சாயம் கலக்கிறோம். நீலச் சாயம் முதல் மதகு வழியாக மட்டுமே போகும். சிவப்புச் சாயம் இரண்டு வழியாகவும் போகும். ஒரு வாரம் கழித்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு பார்த்தால், நீலத்தைவிடச் சிவப்பு அதிகமாக வெளுத்திருக்கும். எவ்வளவு அதிகமாக வெளுத்திருக்கிறதோ அவ்வளவும் இரண்டாம் மதகு வழியாகப் போனது.

உடம்புதான் அந்த ஏரி. நீலச் சாயம் கனமான ஹைட்ரஜன், சிவப்புச் சாயம் கனமான ஆக்சிஜன். இரண்டும் சாதாரண அணுவைவிட எடை கூடியவை, கதிரியக்கம் இல்லாதவை. நாம் தினமும் குடிக்கும் தண்ணீரிலும் துளியளவு இருப்பவை. இவை இரண்டும் கலந்த நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஹைட்ரஜன் உடம்பை விட்டுப் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வெளியேற முடியும்: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம். ஆக்சிஜனோ தண்ணீராகவும் போகும், மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். கார்பன் டை ஆக்சைடுதான் உடம்பின் அடுப்புப் புகை. இரண்டு சாயமும் வெளுக்கும் வேகத்துக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து புகையின் அளவு தெரியும்; புகையின் அளவிலிருந்து எரிந்த விறகு தெரியும். அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அவ்வப்போது கொஞ்சம் சிறுநீர் கொடுத்தால் போதும். இரட்டைக் குறி நீர் என்று இதைச் சொல்லலாம்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் நேதன் லிஃப்சன் என்பவர், மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜன் உடம்புத் தண்ணீரின் ஆக்சிஜனோடு மாறிக் கலந்துவிடுகிறது என்பதை 1949இல் கண்டதில் தொடங்கிய முறை இது. 1955இல் எலிகளிடம் செய்து காட்டினார். கனமான ஆக்சிஜனின் விலை அப்போது மனிதர்களிடம் செய்யவிடவில்லை. மனித உடம்பு பெரிய ஏரி, சாயம் நிறைய வேண்டும். கருவிகள் நுட்பமாகி, துளிச் சாயத்தையும் கண்டுபிடிக்க முடிந்த பிறகு, 1982இல்தான் மனிதர்களிடம் அளந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே நெதர்லாந்தின் கிளாஸ் வெஸ்டர்டெர்ப் குழு அந்த நீரை டூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்தது. மூன்று வாரப் பந்தயத்தில் அவர்கள் செலவழித்தது, சும்மா படுத்திருந்தால் ஆகும் அடிப்படைச் செலவைப் போல நான்கு, ஐந்து மடங்கு.

அது மூன்று வாரம். மாதக்கணக்கில் அப்படி ஓட முடியுமா? 2015இல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை 140 நாள் ஓடியவர்களிடம் இதே நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: நாள் செல்லச் செல்ல, செலவு அடிப்படையைப் போல இரண்டரை மடங்கை ஒட்டி வந்து நிற்கிறது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எனக்கு வியப்பாக இருந்தது. தடை காலிலோ நுரையீரலிலோ இல்லை, குடலில் இருக்கிறதாம். ஒரு நாளில் செரித்து உள்ளே அனுப்ப முடிந்த அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் செலவழித்தால் உடம்பு தன்னையே தின்ன வேண்டும்.

எங்களுக்கு யாரும் அந்த நீர் கொடுக்கவில்லை. தோராயக் கணக்குதான் போட முடியும். 68 கிலோ ஆள், மணிக்கு 16 கிலோமீட்டர், நாளைக்கு நாலரை மணி நேரம் என்றால் மிதிப்பதற்கு மட்டும் 1,800 அல்லது 1,900 கிலோகலோரி ஆகும். மற்ற செலவையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 4,000க்குச் சற்றுக் குறைவு. அடிப்படையைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று உள்ளே. 18 நாள் மிதித்ததை மட்டும் கொழுப்பாக மாற்றினால் நான்கு கிலோவைத் தாண்டும். அவ்வளவும் கரையவில்லை, ஏனென்றால் வழியெல்லாம் சாப்பிட்டோம். கோவில்பட்டியில் வாங்கிய கடலை மிட்டாய் மதுரை வரை தாங்கவில்லை. விழுப்புரம் பக்கம் ஒரு சாலையோரக் கடையில் இட்லியை எண்ணுவதை விட்டுவிட்டு, சட்டியோடு பக்கத்தில் வைத்துவிட்டார் அந்த அம்மா. பணம் கொடுத்தபோது பாதியைத் திருப்பி நிதியில் போடச் சொன்னார்.

பயணத்தில் அந்தப் பசி துணை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொல்லை. கால் ஓய்ந்துவிட்டது, பசி ஓயவில்லை. 1955இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 12 இளம் ராணுவப் பயிற்சியாளர்கள் இரண்டு வாரம் என்ன செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று நிமிட நிமிடமாகக் குறித்தார்கள். அன்று உழைத்ததற்கும் அன்று சாப்பிட்டதற்கும் தொடர்பே தெரியவில்லை. இரண்டு நாள் முன்னால் உழைத்ததோடு பொருத்திப் பார்த்தபோதுதான் தொடர்பு தெரிந்தது. பசி பழைய பாக்கியை வசூலிக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் ழான் மேயர் குழுவினர் 213 பேரைப் பார்த்திருந்தார்கள். மூட்டை சுமப்பவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் வரை. சுமாராக உழைப்பவரிலிருந்து கடுமையாக உழைப்பவர் வரை, உழைப்புக்கு ஏற்பச் சாப்பாடு கூடிக்கொண்டே போனது. ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. லேசாக உழைப்பவர்களைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். பசி என்ற அளவுகோலுக்குக் கொஞ்சமாவது நடமாட்டம் இருந்தால்தான் சரியாக அளக்கத் தெரியும் போலிருக்கிறது. சைக்கிளிலிருந்து இறங்கி நேரே நாற்காலியில் உட்கார்ந்த என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் கவனத்தோடு படிக்க வேண்டும்.

வீட்டிலோ, “ஒரு மாசம் ஒண்ணும் செய்யாம படுத்துக் கிட” என்று சொன்னார்கள். அன்பான யோசனைதான். ஆனால் 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான இருபது வயது இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். எழுந்தபோது உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் விழுந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரை மறுபடி அழைத்து அளந்தார்கள். மூன்று வாரப் படுக்கை அவர்களுக்குச் செய்த கெடுதலை முப்பது ஆண்டு முதுமை செய்திருக்கவில்லை.

படுக்காவிட்டாலும் பழக்கம் இறங்கத்தான் செய்யும். ஊர் வந்த வாரம் காலை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54. மூன்றாம் வாரம் 61. தண்ணீர்த் தொட்டி பார்க்க மொட்டைமாடிக்கு ஏறும்போது மூச்சு கொஞ்சம் தட்டியது. அதற்குள் இதயம் இளைத்துவிட்டதா?

பதில் இரத்தத்தில் இருக்கிறது. இரத்தம் என்பது சிவப்பணுக்களும் அவை மிதக்கும் மஞ்சள் நீரும். அந்த நீரைக் குருதிநீர் என்பார்கள். வெயிலில் தொடர்ந்து உழைக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே உடம்பு குருதிநீரைக் கூட்டிக்கொள்கிறது. ஏரியில் தண்ணீர் ஏறினால் மதகில் பாய்ச்சல் கூடுவது போல, குருதிநீர் கூடினால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் இறைக்கிறது. துடிப்பு குறைந்தாலே போதும் என்றாகிறது. இதற்கு ஒரு விளைவு உண்டு. எங்களில் ஒருவர் வந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று பயந்துபோனார். குறையவில்லை. தயிர் அதே அளவுதான், மோராகக் கரைத்ததில் பதம் தளர்ந்திருக்கிறது. மருத்துவர் அவருடைய பயண விவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அப்போது சரியாக இருந்தது.

பயிற்சியை நிறுத்தினால் இந்த நீர்தான் முதலில் வடிகிறது. எட்வர்ட் காயல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் நல்ல பயிற்சி பெற்ற சைக்கிள், ஓட்ட வீரர்களை முழுதாக நிறுத்தச் சொல்லி 84 நாள் தொடர்ந்து அளந்தார். ஆக்சிஜன் திறன் முதல் 21 நாளிலேயே 7 சதவீதம் விழுந்தது. கடைசியில் 16 சதவீதத்தில் நின்றது. தசைக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மட்டும் அத்தனை நாளும் அப்படியே இருந்தன. அடுத்த ஆய்வில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்ந்து இரத்த அளவு குறைந்தவர்களுக்கு, குறைந்த அளவுக்கு ஈடாக ஒரு திரவத்தை இரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். இதயம் ஒரு துடிப்பில் இறைக்கும் அளவு ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது! அப்படியானால் தொடக்கத்தில் இழந்தது இதயத்தின் பலத்தை இல்லை, அது இறைப்பதற்கு இருந்த தண்ணீரை. இதைப் படித்த பிறகு மொட்டைமாடிப் படியில் மூச்சு தட்டியது எனக்குக் கவலையாகத் தோன்றவில்லை. வாரத்தில் மூன்று நாள் உத்திரமேரூர் வரை மிதித்துவிட்டு வருகிறேன்.

இனி வழியைப் பற்றி. திண்ணையில் கேட்டவர்களிடமெல்லாம் நாங்கள் ஏழு பேரும் ஒன்றேபோல் சொன்னோம்: “போகும்போதுதான் தூரம். வரும்போது தெரியவே இல்லை.” நாட்குறிப்பைப் பார்த்தால் இரண்டும் 9 நாள்தான். இந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. தெரிந்த வழி என்பதால் அப்படி இருக்கிறது என்று சொல்வோம். நெதர்லாந்தின் நீல்ஸ் வான் தெ வென்னும் கூட்டாளிகளும் 2011இல் இதைச் சோதித்தார்கள், அதுவும் சைக்கிளில். ஒரு கூட்டத்தைச் சைக்கிளில் அனுப்பி, சிலரைப் போன வழியிலேயும், மற்றவர்களை அதே நீளமுள்ள வேறு வழியிலும் திரும்பச் சொன்னார்கள். புது வழியில் திரும்பியவர்களுக்கும் வழி சுருங்கித்தான் தெரிந்தது. அப்படியானால் பழக்கம் காரணமாக இருக்க முடியாது. அவர்கள் தரும் விளக்கம் எதிர்பார்ப்பு. போகும்போது நினைத்ததைவிட வழி நீண்டுவிடுகிறது. அந்த ஏமாற்றத்தோடு திரும்பக் கிளம்பும்போது, இதுவும் நீளமாகத்தான் இருக்கும் என்று மனம் முன்கூட்டியே தயாராகிறது. நினைத்த அளவுக்கு இல்லாததால் குறைவாகத் தோன்றுகிறது.

2015இல் ஜப்பானியர் சிலர் இன்னொரு படி போனார்கள். நடைப்பயணக் காட்சியைப் பார்க்க வைத்து, மூன்று மூன்று நிமிடம் கழிந்ததாகத் தோன்றும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். பார்க்கும் நேரத்தில் போவதற்கும் வருவதற்கும் வேறுபாடு இல்லை. முடிந்த பிறகு எது நீளம் என்று கேட்டபோதுதான் திரும்பும் வழி சுருங்கியது. நாங்கள் சாலையில் இருந்தபோது திரும்பும் வழி குறையவே இல்லை. திண்ணைக்கு வந்து சொல்ல ஆரம்பித்தபோதுதான் குறைந்தது.

எதிர்பார்ப்புதான் காரணம் என்பது சரியென்றால், இந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைக்காது. எங்கள் நிதியில் வழிச்செலவு வாங்கும் ஒரு பெரியவர் முப்பது தடவைக்கு மேல் காஞ்சிபுரம் போய்வந்துவிட்டார். வழியின் ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்குத் தெரியும். போகும்போது ஏமாற்றம் இல்லை, அதனால் வரும்போது சுருக்கமும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழி அவருக்கு முழு நீளத்தோடுதான் இருக்கிறது. அந்த வழியில் உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸுக்குக் காத்திருக்கவும், நடுவில் இறங்கி ஒரு டீ குடிக்கவும் கையில் காசு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

விரலுக்கு வருகிறேன். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தாற்போல் சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த நரம்புதான். அல்னார் நரம்பு என்று பெயர். அது உள்ளங்கைக்குள் நுழையும் இடத்தில், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில், இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே ஒரு சந்து வழியாகப் போகிறது. ஃபெலிக்ஸ் குயோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் விவரித்த சந்து. சைக்கிள் ஹேண்டில்பாரில் கையை ஊன்றினால் உடம்பின் பாரம் விழுவது நேராக அங்கேதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 600 கிலோமீட்டர் பயணம் போன 25 பேரின் கையை முன்னும் பின்னும் சோதித்தார்கள். 23 பேருக்கு மரத்துப்போதலோ தசைத் தளர்ச்சியோ இரண்டுமோ இருந்தது. நாங்கள் ஓட்டியது அதைப் போல இரண்டு மடங்கு. ஏழு பேரில் ஐந்து பேருக்கு விரல் மரத்தது. மெத்தை வைத்த கையுறை போட்டுக்கொண்டு, பிடியை அடிக்கடி மாற்றிக்கொண்டே வந்த இருவருக்கு ஒன்றுமில்லை. என் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததைத் திரும்பும்போது திண்டிவனத்தில்தான் கவனித்தேன். அதனால் அத்தனை நாளும் பாரமெல்லாம் கைக்குப் போயிருக்கிறது.

நரம்பு மின்கம்பி மாதிரி. உள்ளே இழை, வெளியே உறை. அழுத்தத்தில் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் உடம்பு அதைச் சரிசெய்துவிடும். இழையே அறுந்திருந்தால் அறுந்த இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை போக ஐந்தாறு மாதம். இந்த வேகம் எப்படித் தெரிந்தது? முதல் உலகப் போரில் நரம்பு அறுபட்ட வீரர்களிடமிருந்து. ஜூல்ஸ் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவரும் ஜெர்மனியின் பால் ஹாஃப்மனும் 1915இல், எதிரெதிர் நாடுகளில் இருந்துகொண்டு, ஒன்றையே கண்டார்கள். நரம்பு போகும் பாதையில் தோலின் மேல் விரலால் தட்டிக்கொண்டே போனால், வளர்ந்துவரும் இழையின் நுனி இருக்கும் இடத்தில் எறும்பு ஊர்வது போல ஜிவ்வென்று இருக்கும். வாரங்கள் செல்லச் செல்ல அந்த இடம் விரல் நுனியை நோக்கி நகரும். அது நகர்ந்த தூரமும் கழிந்த நாளும் சேர்ந்து வேகத்தைச் சொல்லிவிடும். மண்ணுக்கு அடியில் ஓடும் வேரை மேலே தட்டிக் கண்டுபிடிப்பது போல.

எனக்கு உறைதான் நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, காத்திருக்கச் சொன்னார். தசையின் பானை நிரம்பி, கணுக்கால் வடிந்து, பசி தணிந்து, தராசு மறுபடி 68 காட்டி, குருதிநீரும் இறங்கிய பிறகும் சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. தினமும் காலையில் அண்ணன் மகள் பொத்தான் போட வந்து நின்றாள். நாளாக ஆக ஐந்து மூன்றாகி, ஒன்றாயிற்று.

41ஆம் நாள் சாயங்காலம் சாலவாக்கம் பஸ் நிறுத்தத்தில் டீ வாங்கினேன். கண்ணாடி கிளாஸை வழக்கம்போல் வலது கையில் பிடித்தபோது, சுண்டுவிரலின் ஓரம் சுட்டது. கிளாஸை மாற்றிப் பிடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.